கூவிளங்கனிக்கு இடமில்லை

கட்கி, பூனா
6-12-1998

ஏளா பிர்தௌஸ்,

நான் துரைசாமி எழுதுதேன். என் பேரைப் பாத்ததும் கிழிச்சிப் போட்டுருவேன்னு தெரியும். அதான் அனுப்புனவங்க எடத்துல என் வீட்டுக்காரி, உங்க விசாலம் அத்தை பேரைப் போட்டுட்டேன். அவகிட்டக் கேக்கல. கேட்டா, ‘நாப்பது வருசமா என் பேரை வச்சி நல்லதா ஒண்ணு பண்ணுனீங்களா’ன்னு ஆரம்பிச்சிருவா.

கட்கியில லோக்கல் ஏறினா தளேகாவ் முக்கா மணி நேரம். நேர்லயே வந்துருக்கலாம். ஆனா போன ஜூலையில உங்க வாப்பாவை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு, ‘இனி எங்க வாசல்ல உங்க செருப்பு கெடக்கக் கூடாது’ன்னு சொல்லிட்டே. செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு வரலாம்னு ஒரு யோசனை வந்துச்சி. அதுக்கும் நீ சிரிக்க மாட்டே. அதான் தபால்.

சங்கதி இதுதான். பேக்டரி கேட்டு முன்னால, உங்க வாப்பா டீக்கடை போட்டிருந்த எடத்துல, ரிட்டயர் ஆன நாங்கள்லாம் சேந்து ஒரு தண்ணிப்பந்தல் கட்டுதோம். இந்த ஊருக்காரன் பாணபோயிம்பான். ஏப்ரல் வெயிலுக்கு முன்னால திறந்தாகணும். முன்னால ஒரு கல்லு, கல்லுல பீர்முகமது பேரைச் சொல்லி ரெண்டு வரிப் பாட்டு. பாட்டை நான் எழுதுதேன்னுட்டேன். சங்கத்துச் செயலாளர் வெங்கடேஸ்வரன் சார், ‘குடும்பத்துச் சம்மதம் எழுத்துல வேணும்’னுட்டாரு. குடும்பம்னா நீயும் உங்க உம்மாவும்தான்.

பாட்டும் எழுதிட்டேன். நான் அஞ்சாங்கிளாசு. நீ தபால்லயே எம்.ஏ. தமிழ் படிச்சவ. ரொம்ப உத்துப் பாக்காம படி:

தண்ணி கேட்டவனுக்கு ஜாதி கேக்காம
தண்ணி கொடுத்தவன் பீர்முகமது பாய்.

எப்படி? குறள் மாதிரி ரெண்டே வரி. ‘சம்மதம்’னு ஒரு சொல்லு எழுதிப் போடு. கூட நாலு திட்டும் எழுதலாம், எடம் இருக்கு.

துரைசாமி


தளேகாவ்
14-12-1998

திரு. துரைசாமி அவர்களுக்கு,

விசாலம் அத்தையின் கடிதம் என்று நினைத்துத்தான் பிரித்தேன். இதிலும் உங்கள் விளையாட்டுதான்.

நீங்கள் எழுதிய வேறு இரண்டு வரிகளை முதலில் நினைவுபடுத்துகிறேன். 1996 பிப்ரவரி. வாப்பாவின் கடையில் அன்றைய பலகாரத்தை எழுதும் சிலேட்டில், நீங்கள் தினமும் ஏதாவது கிறுக்கிவிட்டுப் போவீர்கள். அன்று எழுதியது:

பாலும் தண்ணியும் பந்தயம் ஓடுச்சி
பீரு கடையில தண்ணி ஜெயிச்சிச்சி.

பேக்டரி கான்டீனை வாப்பாவிடம் கொடுக்கலாமா என்று பார்க்கக் கமிட்டி வந்ததும் அதே நாள்தான். உங்கள் வெங்கடேஸ்வரன் சார் அதைச் சத்தமாகப் படித்தார். தமிழ் தெரியாதவர்களுக்கு ஹிந்தியில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கான்டீன் வேறு ஆளுக்குப் போனது. அதன் பிறகு இரண்டு வருடம் வாப்பா உங்களோடு பேசவில்லை. பேசாமலேயே போய்விட்டார்.

அந்த வரிகளை இன்று அலகிட்டுப் பார்த்தேன். ‘பாலும் தண்ணியும்’ என்ற முதல் இரண்டு சீரிலேயே தளை தட்டுகிறது. ஒரு தப்பான செய்யுளால்தான் எங்களுக்கு அந்தக் கான்டீன் போனது என்பது கூடுதல் வருத்தம்.

இப்போது அனுப்பியிருப்பதும் குறள் இல்லை. குறள் வெண்பாவில் முதல் அடிக்கு நான்கு சீர், இரண்டாம் அடிக்கு மூன்று. நீங்கள் இரண்டாம் அடியில் நான்கு வைத்திருக்கிறீர்கள். ‘கேட்டவனுக்கு’ என்பதில் நான்கு அசை. வெண்பாவில் ஒரு சீருக்கு மூன்றுக்கு மேல் கிடையாது.

என் பதில் இது. வாப்பா பெயரை வைத்து நீங்கள் மறுபடியும் அரைகுறையாக எதையும் எழுத நான் விட மாட்டேன். தளை தட்டாத ஒரு குறள் வெண்பா எழுதுங்கள். ஒரு பிழையும் இருக்கக் கூடாது. நான் அலகிட்டுப் பார்ப்பேன். சரியாக இருந்தால் சம்மதம். இல்லையென்றால் அந்தக் கல்லில் வாப்பாவின் பெயர் வேண்டாம்.

விதிகளைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால்: ஓர் எழுத்து தனித்தோ, பின்னால் புள்ளி எழுத்து சேர்ந்தோ வந்தால் நேரசை. ‘தண்’, ‘பா’, ‘கு’ எல்லாம் நேர். முதலில் குறில் இருந்து இரண்டு எழுத்து இணைந்து வந்தால் நிரையசை. ‘முக’, ‘குடம்’ போல. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் சீர். நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நேர்நிரை கூவிளம், நிரைநிரை கருவிளம். அவற்றோடு இன்னொரு நேர் சேர்ந்தால் காய். மாவுக்குப் பின் நிரை வர வேண்டும். விளத்துக்கும் காய்க்கும் பின் நேர் வர வேண்டும். இந்த இணைப்புதான் தளை. கடைசிச் சீர் மட்டும் ஓரசையில் முடிய வேண்டும்.

ஜன்னத்துல் பிர்தௌஸ்


கட்கி
27-12-1998

பிர்தௌஸ் டீச்சரம்மாவுக்கு,

‘திரு. துரைசாமி அவர்களுக்கு’ன்னு படிச்சதும் திரும்பிப் பாத்தேன், வேற யாரும் நிக்காங்களான்னு. பேங்க்காரன்கூட எனக்குத் திரு போட்டதில்ல.

சிலேட்டுச் சங்கதியை நீ ஞாபகப்படுத்த வேண்டாம். நான் மறந்தாத்தானே? அடுத்த நாள் போயி மன்னிப்புக் கேக்கலாம்னு நின்னேன். உங்க வாப்பா எனக்கு டீ ஊத்திக் கொடுத்தாரு, பேசல. அதுக்கடுத்த நாளும் ஊத்திக் கொடுத்தாரு. ரெண்டு வருசம் அப்படியே. ஒரு நாள்கூட டீ இல்லைன்னு சொல்லல பாத்துக்க. அதுதான் எனக்குத் தாங்கல. நாக்கைப் புடுங்குத மாதிரி ஏதாவது கேட்டிருந்தா நானும் ஒண்ணு சொல்லிருப்பேன், சரியாப் போயிருக்கும்.

இருக்கட்டும். உன் விதித்தாளை நாலு நாள் படிச்சேன். ஒண்ணும் ஏறல. முப்பத்தாறு வருசம் லேத்துல நின்னவனுக்கு எழுத்து ஏறாது, கையில பிடிச்சாத்தான் ஏறும். அதான் பழைய டப்பாவைக் கவுத்துனேன். நேருக்கு ஒரு வாஷர், நிரைக்கு ஒரு நட்டு. கம்பியில கோத்துப் பாத்தா, ஏளா, எல்லாம் தெரியுது! வாஷர் ரெண்டு சேந்தா தேமா, அடுத்தாப்புல நட்டுதான் வரணும். நட்டுல முடிஞ்சா அடுத்தது வாஷர். சீருக்குச் சீரு நூலு கட்டிக்கிட்டேன். இப்ப வீட்டுல எங்க பாத்தாலும் கம்பி. நேத்து பாஜிக்குக் காய் நறுக்கும்போது அத்தை கையில ஒரு புளிமா மாட்டிக்கிச்சி. ‘இது என்னத்துக்கு?’ன்னா. ‘வெண்பா’ன்னேன். ‘துருப்பிடிச்ச வெண்பா’ன்னு தூக்கி எறிஞ்சா. அது உருண்டு பக்கத்து வீட்டு மராட்டிக்காரி வாசல்ல போயி நிக்கி.

இந்தா, பாரு:

கோடை வெயிலிலே பீர்முகமது வந்தோர்க்கு
வாடாமல் ஊற்றினார் தண்ணீர்.

எதுகையும் போட்டிருக்கேன். கோடை, வாடா. அஞ்சாங்கிளாசுக்கு இது ஜாஸ்தி.

துரைசாமி (திரு இல்லாம)


தளேகாவ்
5-1-1999

துரைசாமி அவர்களுக்கு,

உண்மையைச் சொல்ல வேண்டும். இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏழு சீரில் ஐந்து சரி. ‘கோடை’ தேமா, ‘வெயிலிலே’ கருவிளம், மாவுக்குப் பின் நிரை. பிசகில்லை. எதுகையும் சரி. வாஷர் முறையை என் உம்மாவிடம் சொன்னேன். உம்மா சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பிழைகள் இரண்டு.

ஒன்று, கடைசிச் சீர். ‘தண்ணீர்’ இரண்டு அசை. ஓரசையில் முடியுங்கள்.

இரண்டாவது பெரிய பிழை. ‘பீர்முகமது’ என்பதை அலகிடுங்கள். பீர் – நேர். முக – நிரை. மது – நிரை. மூன்றாவது அசை நிரையாக வந்தால் அது காய் இல்லை, கனி. நேர் நிரை நிரை: கூவிளங்கனி. வெண்பாவில் எந்தக் கனிச்சீரும் வராது. இது வழக்கத்தை ஒட்டிச் சொல்வது இல்லை, கண்டிப்பான விதி.

ஆகவே வாப்பாவின் பெயரை வெண்பாவுக்குள் வைக்க முடியாது. அதை எடுத்துவிட்டு எழுதுங்கள்.

ஜன்னத்துல் பிர்தௌஸ்


கட்கி
20-1-1999

பிர்தௌஸ்,

உன் கடுதாசியைப் படிச்சிட்டு ரெண்டு நாள் சோறு இறங்கல. பொய் சொல்லல. ரெண்டாம் நாள் ராத்திரி இறங்கிச்சி, அன்னைக்கு அத்தை மீன் வச்சிருந்தா.

என்ன நியாயம் இது? கேட்டு வாசல்ல யாரு வந்து நின்னாலும் உள்ள கூப்புட்டு பெஞ்சுல உக்கார வச்ச மனுசன். கூலிக்காரன், ரிக்‌ஷாக்காரன், செக்யூரிட்டி, தொப்பி போட்டவன், நாமம் போட்டவன், ஒண்ணும் போடாதவன். அவன் பேரு உங்க வெண்பாவுக்குள்ள வரக்கூடாதாம்! எவன் போட்ட கேட்டு இது? பாஸ் இருக்கான்னு கேக்க வாட்ச்மேன் மாதிரி நிக்குதீயளே.

கோவத்துல, பேரு இல்லாமலே ஒண்ணு எழுதிட்டேன். முடியும்னு காட்டத்தான். பதினொரு நாள் ஆச்சி:

தாகம் எனவந்தார் யாரென்று கேளாமல்
மேகம்போல் வார்த்த கரம்.

கம்பியைப் பிடிச்சி மூணு தடவை எண்ணிட்டேன். ஒரு வாஷர் பிசகாது. நீ எண்ணு.

துரைசாமி


தளேகாவ்
28-1-1999

துரைசாமி அவர்களுக்கு,

எண்ணினேன். நான் வேலை பார்க்கும் ஆபீஸ் ஸ்டோரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எண்ணினேன். வீட்டில் உம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு மறுபடியும் எண்ணினேன்.

தாகம் – தேமா. எனவந்தார் – புளிமாங்காய். யாரென்று, கேளாமல், மேகம்போல் – மூன்றும் தேமாங்காய். வார்த்த – தேமா. கரம் – மலர் என்ற வாய்பாடு. ஆறு இடத்திலும் வெண்டளை. மோனை இல்லை, ஆனால் அது பிழை ஆகாது. இது குறள் வெண்பா.

நான் வாக்குக் கொடுத்தேன். எங்கள் குடும்பத்துக்குச் சம்மதம். இந்தக் கடிதத்தையே வெங்கடேஸ்வரன் சாரிடம் காட்டலாம். பாட்டின் கீழே வாப்பாவின் பெயரைத் தனியாகச் செதுக்கிக்கொள்ளுங்கள்.

‘மேகம்போல்’ படிக்கும்போது உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். அதையும் எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

ஜன்னத்துல் பிர்தௌஸ்


கட்கி
5-2-1999

பிர்தௌஸ் தாயீ,

சம்மதக் கடுதாசி வந்துச்சி. பத்திரமா அரிசி டின்னுக்குள்ள வச்சிருக்கேன். ஆனா வெங்கடேஸ்வரன் சார்ட்டக் காட்டல. காட்டவும் மாட்டேன்.

பேரைக் கீழ தனியாப் போடணுமாம்லா. அந்தப் பாட்டை எந்தத் தண்ணிக் குழாய் மேல எழுதினாலும் பொருந்தும் தாயி. பூனாவுல எந்தச் சேட்டு பாணபோயி வச்சாலும் ஒட்டிக்கலாம். அது அவன் பாட்டு இல்ல.

நீ ஒண்ணு யோசிச்சியா? அவனைக் கெடுத்த ரெண்டு வரிக்குள்ள அவன் பேரு இருந்துச்சி. ‘பீரு கடையில’ன்னு என் கையாலதான் எழுதினேன். கெடுத்தப்ப பேரை உள்ள வச்சவன், நல்லது சொல்லும்போது வெளிய நிறுத்துதான்னா அது என்ன பொழப்பு? அவன் பேரு வரிக்குள்ள வரணும். சுருக்கி பீருன்னும் போட மாட்டேன். முழுப்பேரு வரணும்.

நீ முடியாதும்பே. எழுபது வயசுல எனக்கும் வேற சோலி என்ன இருக்கு? மார்ச் கடைசி வரைக்கும் பாப்பேன். வரலைன்னா கல்லு மொட்டையாவே நிக்கட்டும்.

அத்தை உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னா. இந்தத் தடவை நெசமாவே சொன்னா.

துரைசாமி


தளேகாவ்
13-2-1999

துரைசாமி அவர்களுக்கு,

வராது. கனிச்சீர் கனிச்சீர்தான். உங்கள் பிடிவாதத்துக்காக விதி மாறாது. நல்ல பாட்டு ஒன்று கையில் இருக்கும்போது கல்லை மொட்டையாக நிறுத்துவேன் என்பது வீம்பு. பந்தல் திறக்க இரண்டு மாதம்கூட இல்லை. கல் செதுக்க நாள் வேண்டாமா?

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ஜன்னத்துல் பிர்தௌஸ்


கட்கி
3-3-1999

ஏளா!

கிடைச்சிருச்சி! நீ உக்காந்து படி. நிக்காத.

ஞாயித்துக்கெழமை பந்தலுக்குத் தரை போட்டாங்க. வேடிக்கை பாக்க நம்ம ஊர்ப் பயலுவ நாலு பேரு வந்தான். பவுன் தெரியும்லா, பெயிண்டு ஷாப்புல இருந்தவன், அம்பாசமுத்திரத்துக்காரன். இப்ப கண்ணு சரியாத் தெரியாது. வந்தவன் தடவிக்கிட்டே, ‘ஏல துரைச்சாமி, பீர்முகமதண்ணாச்சி பெஞ்சு எங்கல?’ன்னான்.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சி. ‘திரும்பச் சொல்லுல’ன்னேன். சொன்னான். ‘இன்னொருக்கா’ன்னேன். ‘ஒனக்குக் கிறுக்கு முத்திட்டு’ன்னுட்டுப் போயிட்டான்.

இங்க எல்லாவனும் பாய் பாய்ம்பான், நானும் அதையே எழுதிக்கிட்டிருந்தேன். நம்ம ஊர்ப் பயலுவ முப்பது வருசமா அப்படியா கூப்பிட்டோம்? அண்ணாச்சின்னுதானே! அதுவும் முகமது, அண்ணாச்சின்னு நிறுத்திச் சொன்னவன் உண்டா? ஒரே மூச்சுல ‘முகமதண்ணாச்சி’.

வீட்டுக்கு ஓடியாந்து கம்பியை எடுத்தேன். வாஷர், நட்டு, நட்டு. அதான் உன் கூவிளங்கனி. கடைசி நட்டைக் கட்டிங் பிளேயரால நடுவுல வெட்டுனேன். ‘ம’ இந்தப் பக்கம் வாஷராப் போச்சி. மிச்சத் துண்டு அடுத்த சீரோட சேந்துக்கிச்சி. பீர்முகம. தண்ணாச்சி. லேத்துல கம்பியைக் கவ்வுத சக்குல நீளக் கம்பி ஏறலைன்னா வெட்டி ரெண்டா ஓட்டுவோம்லா, அதேதான். கனி காயாப் போச்சி தாயி!

இதை உன் புஸ்தகம் ஒத்துக்கிடுமா ஒத்துக்கிடாதான்னு எனக்குத் தெரியாது. நீதான் சொல்லணும். பாட்டு:

பீர்முகம தண்ணாச்சி பேர்கேட்ட தில்லையே
நீர்கேட்டு வந்தார் இடம்.

இந்தத் தடவை நான் கிண்டல் ஒண்ணும் எழுதல, பாத்தியா. பயமா இருக்கு.

துரைசாமி


தளேகாவ்
9-3-1999

துரைசாமி மாமாவுக்கு,

இணைத்திருக்கும் தாளைப் பாருங்கள். அதில் உள்ளதை இங்கேயும் எழுதுகிறேன், தபாலில் தாள் தொலைந்தால் தெரிய வேண்டும் என்று.

பீர்முகம தண்ணாச்சி பேர்கேட்ட தில்லையே
நீர்கேட்டு வந்தார் இடம்.

பீர்/முக/ம – நேர் நிரை நேர் – கூவிளங்காய்
தண்/ணாச்/சி – நேர் நேர் நேர் – தேமாங்காய்
பேர்/கேட்/ட – நேர் நேர் நேர் – தேமாங்காய்
தில்/லையே – நேர் நிரை – கூவிளம்
நீர்/கேட்/டு – நேர் நேர் நேர் – தேமாங்காய்
வந்/தார் – நேர் நேர் – தேமா
இடம் – நிரை – மலர்
சரி. – ஜ. பி.

சொல்லை இப்படிப் பிரித்து அடுத்த சீரோடு சேர்ப்பதற்கு வகையுளி என்று பெயர். புலவர்களும் செய்வதுதான். எதுகை இருக்கிறது. மோனையும் இருக்கிறது, நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ.

கல்லுக்குக் கொடுங்கள்.

பிர்தௌஸ்


கட்கி
31-3-1999

பிர்தௌஸ் தாயி,

இதை எப்படிச் சொல்லன்னு தெரியல. வழக்கமா நான் செய்யாத தப்பே ஒண்ணு ரெண்டுதான். இப்ப அதுலயும் ஒண்ணைப் பண்ணிட்டேன்.

என் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். உன் எழுத்து அச்சு. அதனால உன் தாளையே தாப்போடிக்குக் கொண்டு போயி, கல்லு செதுக்குற கோண்டிபாகிட்டக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. இங்கிலீசும் தெரியாது, உருதும் தெரியாது. ஆனா எல்லாத்துலயும் கல்லு வெட்டுவாரு. கண்ணால பாத்து அப்படியே வரைஞ்சி வெட்டுறது. முன்ன ஒரு தடவை உருதுல ஒத்தப் புள்ளி விட்டுட்டாராம், கல்லைத் திருப்பித் தூக்கியாந்துட்டாங்களாம். அன்னைலேருந்து தாள்ல ஒரு ஈ செத்துக் கிடந்தாலும் அதையும் வெட்டிருவேன்னு பெருமையாச் சொல்லுவாரு. நானும் என் மேதாவித்தனத்துல, ‘தமிழ்ல புள்ளிதான் உசுரு, ஒண்ணு விடாதீங்க’ன்னு அரைகுறை மராட்டியில சொல்லிட்டு வந்துட்டேன். மேல ரெண்டு வரி மட்டும்னு சொல்லணும்னு தோணவே இல்ல. எனக்குத் தெரியும்லா, அவருக்கும் தெரியும்னு நெனச்சிட்டேன். அப்புறம் நாலு நாள் குளிர்காய்ச்சல், படுத்துட்டேன்.

எந்திரிச்சிப் போயிப் பாத்தா கல்லைப் பதிச்சிட்டாங்க.

எல்லாம் இருக்கு பிர்தௌஸ். பாட்டு இருக்கு. கீழ நேர் நிரை நேர் கூவிளங்காய் இருக்கு. சாய்ஞ்ச கோடு ஒண்ணு விடாம இருக்கு. தேமாங்காய் மூணு தடவை இருக்கு. கடைசியில ‘சரி. ஜ. பி.’யும் இருக்கு. அதுதான் எல்லாத்துலயும் ஆழமா வெட்டியிருக்காரு. கோண்டிபாவுக்கு ரொம்ப சந்தோசம். ‘இவ்வளவு பெரிய கல்லு நிறையுமான்னு நெனச்சேன், இப்பதான் நிறைவா இருக்கு’ங்காரு.

வெங்கடேஸ்வரன் சார் வந்து படிச்சாரு. படிச்சிட்டு, ‘துரைசாமி, இது பாணபோயியா, காய்கறிக்கடையா?’ன்னாரு. சுத்தி நின்னவங்களுக்கு ஹிந்தியில சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க.

அதே எடம். அதே ஆளு. அதே சிரிப்பு. இந்தத் தடவையும் நான்தான் காரணம்.

எம்மேல சிரிச்சா நான் கூடச் சேந்து சிரிப்பேன், உனக்குத் தெரியும். ஆனா அந்தக் கல்லுல உங்க வாப்பா பேரு இருக்கு, உன் எழுத்தும் இருக்கு. இதுக்கு எப்படிச் சிரிப்பேன்? கமிட்டி சொல்லுது, கீழ உள்ளதையெல்லாம் கொத்தி எடுத்துட்டுப் பாட்டை மட்டும் விடணும்னு. முடியாட்டா கல்லையே எடுத்துரணுமாம். பதினொண்ணாந் தேதி ஞாயித்துக்கெழமை திறப்பு. கோண்டிபா, ‘கொத்தலாம், ஆனா பாட்டுக்குக் கீழ குழி விழும்’ங்காரு.

திறக்குறதுக்கு முன்னாலயே ஆளுங்க தண்ணி குடிக்க ஆரம்பிச்சிட்டாங்க, வெயில் அப்படி. அதுவும் சொல்லிருதேன்.

நீ சம்மதம் கொடுத்தது பாட்டுக்கு. இந்தக் கூத்துக்கு இல்ல. நீ கொத்துன்னா கொத்திருதேன். எடுன்னா என் கையாலயே எடுத்துருதேன். எழுது.

துரைசாமி


தளேகாவ்
5-4-1999

மாமா,

கொத்தக் கூடாது. எடுக்கவும் கூடாது. குடும்பத்தின் பதில் இதுதான் என்று வெங்கடேஸ்வரன் சாருக்குத் தனியாக எழுதி, பதிவுத் தபாலில் இன்றே போட்டுவிட்டேன். கோண்டிபாவிடம் உளியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். டிசம்பரில் குறள் வெண்பா வேண்டும் என்று நான் நிபந்தனை போட்டபோதே, வாப்பாவின் பெயர் கூவிளங்கனி என்று எனக்குத் தெரியும். அவர் பெயரை நான் எத்தனையோ வருடங்களுக்கு முன்பே அலகிட்டுப் பார்த்திருக்கிறேன். நீங்கள் பெயரை வைத்துத்தான் எழுதுவீர்கள், அது உள்ளே வராது, களைத்துப் போய் விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். அதற்காகவே போட்டேன்.

நீங்கள் விடவில்லை. பிப்ரவரியில் உங்களுக்கு ‘வராது’ என்று எழுதினேனே, அதை எழுதுவதற்கு முன்னால் நானும் முயன்று பார்த்தேன். பதினேழு தாள். எம்.ஏ. படித்த என்னால் என் வாப்பாவின் பெயரை ஒரு வெண்பாவுக்குள் கொண்டுவர முடியவில்லை. வகையுளி எனக்குத் தெரியும். ஆனால் அண்ணாச்சி என்று கூப்பிட்டவர்கள் நீங்கள்தான், நான் இல்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

கீழே உள்ளது காய்கறிப் பட்டியல் இல்லை. அந்தப் பெயர் எப்படி உள்ளே வந்தது என்பதன் கணக்கு. அதை ஏன் மறைக்க வேண்டும்? ‘சரி’ என்று எழுதியபோது பேனா அழுந்தித் தாள் கிழிந்தது. கோண்டிபா அதையும் பார்த்துத்தான் ஆழமாக வெட்டியிருக்கிறார். அவர் கண்ணுக்கு என் மரியாதையைச் சொல்லுங்கள்.

1996இல் அவர்கள் சிரித்தபோது நான் அங்கே இல்லை. வாப்பா தனியாக நின்றார். இந்த ஞாயிறு நீங்கள் தனியாக நிற்க வேண்டியதில்லை. நானும் உம்மாவும் காலை முதல் லோக்கலில் வந்துவிடுகிறோம். விசாலம் அத்தையையும் வரச் சொல்லுங்கள். உங்கள் வாஷர் டப்பாவையும் கம்பியையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். முதலில் ஒரு குவளை தண்ணீர் கொடுத்து உட்கார வைப்போம். வெங்கடேஸ்வரன் சாராக இருந்தாலும் சரிதான். பிறகு நேர் என்றால் என்ன, நிரை என்றால் என்ன என்று தமிழிலோ ஹிந்தியிலோ மராட்டியிலோ, அவரவருக்குப் புரியும்வரை முதலிலிருந்து சொல்கிறேன். ஞாயிறு முழுவதும் எனக்கு வேறு வேலை இல்லை.

பிர்தௌஸ்